பள்ளியில் ஆளில்லாக் கடை: தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நேர்மையைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் சோதனை இல்லை. கையில் இரண்டு ரூபாய், எதிரே ஐந்து ரூபாய்ப் பேனா, சுற்றிலும் யாரும் இல்லை என்ற நிலையில்தான் பாடம் தொடங்குகிறது. அந்த நிலையைப் பாதுகாப்பாக, சின்னத் தொகையில், தினமும் உருவாக்கித் தருவதுதான் ஆளில்லாக் கடையின் வேலை. பொருள் இருக்கும், விலை எழுதியிருக்கும், உண்டியல் இருக்கும். விற்பவர் மட்டும் இருக்க மாட்டார்.

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களிலும் 6 முதல் 8 வரையிலான வகுப்புகள் உள்ள, ஏறக்குறைய 200 பிள்ளைகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். உங்கள் பள்ளி சிறியது என்றால் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். முறையை மாற்ற வேண்டாம்.

மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள் அடங்கும். முடிவெடுத்த நாளிலிருந்து கடை திறக்க ஐந்து வாரம் பிடிக்கும்.

1. முதலில் காகிதம்

பொருள் வாங்கிவிட்டு அனுமதி கேட்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. ஆசிரியர் ஆர்வத்தோடு தொடங்குவார். மூன்றாவது வாரம் ஒரு பெற்றோர் வந்து, "பள்ளிக்கூடத்துல வியாபாரம் பண்றீங்களா?" என்று கேட்டதும் தலைமையாசிரியர் கடையை மூடச் சொல்லிவிடுவார். கையில் ஒரு தீர்மானம் இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.

தலைமையாசிரியருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுங்கள். அவர் ஒப்புக்கொண்டதும், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

"6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்களின் பயன்பாட்டுக்காக, இலாப நோக்கமின்றி, எழுதுபொருள்களுக்கான ஆளில்லாக் கடை நடத்த இக்குழு ஒப்புதல் அளிக்கிறது. இதற்கான முதலீடு ரூ.2,000 நன்கொடையாகப் பெறப்படும். மாணவரிடம் எக்காரணத்துக்காகவும் நிதி வசூலிக்கப்படாது. பணம் குறைந்தால் அத்தொகை மாணவரிடமோ பெற்றோரிடமோ கேட்கப்படாது. கணக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் இக்குழுவின் பார்வைக்கு வைக்கப்படும்."

நான்காவது வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பணம் குறையும் நாள் வரும். அன்றைக்கு "எல்லாரும் ஒரு ரூபாய் போடுங்க" என்று யாராவது சொல்லாமல் தடுப்பது அந்த வரிதான்.

நிர்வாகத்தைப் பொறுத்து மேலே தெரிவிக்க வேண்டியவர் மாறுவார். ஒன்றியப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சிக் கல்விப் பிரிவு, உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளிச் செயலர். நம் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்குத் தனி நிர்வாகம் இருப்பதால், அங்கே உள்ளவர்கள் தங்கள் அலுவலகத்துக்கே எழுத வேண்டும். தீர்மானத்தின் நகலை இணைத்துத் தகவல் கடிதமாக அனுப்பி, தேதியிட்ட நகலைக் கோப்பில் வையுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: தீர்மானத்தின் நகல், நன்கொடை கொடுத்தவருக்குத் தந்த ரசீதின் அடிக்கட்டை, வாங்கிய பில்கள், இருப்புப் பதிவேடு, தினக் கணக்கு நோட்டு. இவ்வளவு போதும்.

2. எதை விற்கலாம், எதை விற்கவே கூடாது

அரசு விலையில்லாமல் தரும் நோட்டு, புத்தகம், ஜியோமெட்ரி பாக்ஸ், கலர் பென்சில் ஆகியவை கடைப் பக்கமே வரக் கூடாது. மீந்துபோன விலையில்லா நோட்டுகளை நல்லெண்ணத்தில் இரண்டு ரூபாய்க்கு வைத்தால்கூட அது பெரிய பிரச்சினையில் கொண்டுபோய் விடும்.

தின்பண்டமும் வேண்டாம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்க 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடை விதிக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கடலை மிட்டாயும் பென்சிலும் ஒரே மேசையில் இருந்தால் பசியையும் நேர்மையையும் சேர்த்துச் சோதிக்கிறோம் என்றாகிவிடும். பசித்த பிள்ளையைச் சோதிப்பது நியாயம் இல்லை.

தொடங்கும் நாளுக்கான இருப்பு:

பேனா 100 (நீலம் 60, கருப்பு 20, சிவப்பு 20), ஒன்று 5 ரூபாய்
பென்சில் 50, ஒன்று 5 ரூபாய்
ஷார்ப்னர் 20, ஒன்று 5 ரூபாய்
சின்ன ஸ்கேல் 20, ஒன்று 5 ரூபாய்
அழிப்பான் 40, ஒன்று 2 ரூபாய்
ஏ4 தாள் ஒரு ரீம்: பத்துப் பத்தாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு 50 கட்டு, ஒரு கட்டு 5 ரூபாய்
வரைபடத் தாள்: ஐந்தைந்தாக 20 கட்டு, ஒரு கட்டு 5 ரூபாய்
சார்ட் 10, ஒன்று 10 ரூபாய்

விற்பனை விலையில் இது 1,480 ரூபாய். விலைகளைப் பாருங்கள்: 2, 5, 10. மூன்று ரூபாய், ஏழு ரூபாய் என்று வைத்தால் மீதிச் சில்லறை தேவைப்படும். சில்லறை இல்லாத பிள்ளை "நாளைக்குப் போடுறேன்" என்று நினைத்துப் போய்விடும், அடுத்த நாள் மறந்துவிடும். கடையில் முதலில் குறைகிற பணம் பெரும்பாலும் இப்படிக் குறைவதுதான். தாள்களை உதிரியாக வைக்காமல் கட்டுவதற்கும் இதே காரணம்தான். உதிரித் தாளை மாலையில் யாராலும் எண்ணி முடிக்க முடியாது.

3. வாங்குவது

பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தால், மாசி வீதிகளுக்கும் ஆவணி மூல வீதிகளுக்கும் இடையிலுள்ள மொத்த வியாபாரக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். பள்ளி திறக்கும் ஜூன் முதல் இரண்டு வாரம் போகாதீர்கள், கூட்டத்தில் எண்ணி வாங்கவே முடியாது. ஜூன் கடைசி நல்ல நேரம். பேனாவைப் பெட்டியாக வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டை எழுதிப் பாருங்கள். எழுதாத பேனாவுக்குக் காசு போட்ட பிள்ளைக்கு, ஏமாந்தது தான்தான் என்று தோன்றிவிடும்.

பள்ளியின் பெயருக்கே பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், அழிப்பான், ஷார்ப்னர், நோட்டு ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பேனாவுக்கு உண்டு. பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இருப்பு 1,300 ரூபாய்க்குள் வந்துவிடும். பூட்டோடு தகர உண்டியல் 200, பிளாஸ்டிக் தட்டுகள் 150, இரண்டு நோட்டும் விலைப் பலகையும் 100, சில்லறைத் தட்டுக்கு 30. மீதி பஸ் செலவுக்கும் மறந்துபோன ஏதாவது ஒன்றுக்கும். வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள சிறு வித்தியாசத்தை இலாபம் என்று நினைக்காதீர்கள். பணம் குறையும் நாளில் கடையைத் தாங்குவது அதுதான்.

பணம் தரப் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது, பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். யாருடைய சொந்த ஜிபே எண்ணையும் கடையில் ஒட்டாதீர்கள். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் பள்ளிப் பணம் ஒரு ரூபாய் வந்தாலும் அதை விளக்குவது கஷ்டம்.

4. மேசை எங்கே

எல்லாரும் கடந்துபோகும் தாழ்வாரம் வேண்டும். ஆனால் ஆசிரியர் அறையின் சன்னலுக்கு நேரே வேண்டாம். கேமராவுக்குக் கீழே நிச்சயமாக வேண்டாம். கேமராவுக்குப் பயந்து காசு போடும் பிள்ளைக்கு கேமரா எங்கே இல்லை என்று பார்க்கத்தான் பழகும்.

"நேர்மைக் கடை" என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டுவதையும் தவிர்க்கச் சொல்லுவோம். அந்தப் பெயரின் கீழே காசு போட மறந்த பிள்ளை, தன்னை நேர்மையில்லாதவன் என்று முடிவு கட்டிக்கொள்ளும். "நம்ம கடை" போதும். விலைப் பலகையில் பொருளின் படத்தையும் வரைந்து விலையை எழுதுங்கள்.

மேசையில் இரண்டு இடத்தில் பணம் இருக்கும். ஒன்று பூட்டிய உண்டியல். மற்றொன்று திறந்த சில்லறைத் தட்டு, அதில் எப்போதும் 30 ரூபாய் (ஐந்து ரூபாய் 2, இரண்டு ரூபாய் 5, ஒரு ரூபாய் 10). பத்து ரூபாய் கொண்டுவந்தவர் பத்தை உண்டியலில் போட்டுவிட்டு மீதியைத் தட்டில் எடுத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க ஊர்க் கடைகளில் சிலர் தயங்குவார்கள். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. இங்கே வாங்கிக்கொள்ளப்படும் என்று பலகையில் எழுதிவிடுங்கள்.

காலை மணி அடிப்பதற்கு முன் 20 நிமிடம், மதிய இடைவேளை, இந்த இரண்டு நேரம் மட்டும் கடை திறந்திருக்கட்டும். மாலையில் பொருள்களை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். தாளையும் அழிப்பானையும் எலி விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வாரத்தில் விட்ட தாள் ஒரே நாளில் நமத்துப்போகும்.

5. கடன் சீட்டும் இரவல் டப்பாவும்

இந்த இரண்டும் இல்லாமல் கடை திறக்காதீர்கள். காசு கொண்டுவராத நாளில் தேர்வு வந்துவிட்டால் ஒரு பிள்ளைக்கு நேர்மையான வழி ஒன்று கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமே அதைத் திருட்டுக்குத் தள்ளுகிறோம்.

கடன் சீட்டு என்பது கையகலத் துண்டுத்தாள். தேதி, பொருள், தொகை எழுதி, பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரு அடையாளம் போட்டு (பூ, நட்சத்திரம், எதுவானாலும்) உண்டியலில் போட வேண்டும். பெயர் வேண்டாம். எண்ணும்போது கிடைக்கும் சீட்டுகளை மேசையோரம் ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். காசு கொண்டுவந்த அன்று பிள்ளையே தன் சீட்டைக் கண்டுபிடித்துக் கிழித்துப் போடும். அந்தக் கிழிக்கிற நொடியில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு சீட்டு, அதிகபட்சம் 10 ரூபாய்.

இரவல் டப்பாவில் ஆறு பென்சில், ஆறு பேனா. எடுத்துப் பயன்படுத்திவிட்டு மாலையில் திரும்ப வைக்கலாம், காசு கிடையாது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு இந்த டப்பா மட்டும் போதும், காசுக் கடை வேண்டாம்.

பெரிய ஓட்டை பெரியவர்களால் வரும். "அப்புறம் தர்றேன்" என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகும் ஆசிரியரை இருபது பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆசிரியர்களும் உண்டியலில் காசு போட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு எழுத வேண்டும். இதைத் தொடங்குவதற்கு முன்பே ஆசிரியர் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். பேசாமல் தொடங்கினால் கடை இரண்டு மாதம் தாங்காது.

6. தினமும் எண்ணுவது

வாரத்துக்கு நான்கு பேர், வெவ்வேறு வகுப்பு, ஆணும் பெண்ணும் கலந்து. முறை வைத்து எல்லாருக்கும் வர வேண்டும். வகுப்புத் தலைவர்களையே நிரந்தரமாகப் போட்டால் இரண்டே வாரத்தில் போலீஸ்காரர்கள் ஆகிவிடுவார்கள். இருவர் எண்ணுவார்கள், ஒருவர் எழுதுவார், ஒருவர் கூட்டிப் பார்ப்பார். ஆசிரியர் கையெழுத்து மட்டும் போடுவார், எண்ண மாட்டார். பத்து நிமிட வேலை.

ஒரு நாள் கணக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

நீலப் பேனா காலை 42, மாலை 35. விற்றது 7, ரூ.35
பென்சில் காலை 31, மாலை 28. விற்றது 3, ரூ.15
அழிப்பான் காலை 22, மாலை 18. விற்றது 4, ரூ.8
ஏ4 கட்டு காலை 40, மாலை 38. விற்றது 2, ரூ.10
வர வேண்டியது ரூ.68

உண்டியலில் ரூ.61, கடன் சீட்டு ஒன்று ரூ.5. ஆக 66. இரண்டு ரூபாய் குறைகிறது. "ஒரு அழிப்பான் போச்சு" என்று எழுதுவதற்கு முன் சில்லறைத் தட்டை எண்ணுங்கள். அதில் 30-க்குப் பதில் 32 இருக்கும். யாரோ அவசரத்தில் உண்டியலுக்குப் பதிலாகத் தட்டில் போட்டிருக்கிறார்கள். தட்டை எண்ணாமல் விட்டதால் ஒரு வகுப்பே சந்தேகத்தில் நிற்பது சாதாரணமாக நடக்கிற தவறு. அதனால் எண்ணும் வரிசை எப்போதும் தட்டு, உண்டியல், சீட்டு, பொருள் என்றே இருக்கட்டும்.

மறுநாள் காலை பலகையில் ஒரே வரி: "நேற்று விற்றது 68. வந்தது 63. கடன் 5." பெயர் இல்லை, வகுப்பு இல்லை, பாராட்டும் இல்லை.

7. பணம் குறையும் நாள்

முதல் வாரம் கணக்கு அழகாக வரும். புதுமை தீர்ந்த பிறகு ஒரு நாள் 15 ரூபாய் குறையும். இதுவரை செய்த எல்லாமே இந்த நாளுக்கான ஏற்பாடுதான். அன்று பெரியவர்கள் நடந்துகொள்வதைத்தான் பிள்ளைகள் பாடமாக எடுத்துக்கொள்வார்கள்.

காலைக் கூட்டத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நேற்று 15 ரூபாய் குறைகிறது. போட மறந்தவங்க இன்னிக்குப் போடலாம். கடை வழக்கம்போல் திறந்திருக்கும்." குரல் உயரக் கூடாது. "யார் எடுத்தது?" என்ற கேள்வியே வேண்டாம். அந்தக் கேள்வி எடுத்தவரைப் பொய் சொல்லவும், எடுக்காதவரைப் பயப்படவும் வைக்கும்.

செய்யக் கூடாதவை சில உண்டு. பையைச் சோதிக்காதீர்கள். கையை நீட்டச் சொல்லாதீர்கள். நம் பக்கத்துக்கே உரிய ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: சத்தியம் வாங்காதீர்கள். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னதியில் சத்தியம் செய்து வழக்குத் தீர்க்கிற ஊர்கள் நம்முடையவை. "கருப்பர் மேல சத்தியமா சொல்லு" என்பது பெரியவர்களையே நடுங்க வைக்கும். பதினோரு வயதுப் பிள்ளை அந்த நடுக்கத்தில் எடுக்காததையும் எடுத்தேன் என்று சொல்லிவிடும், அல்லது காய்ச்சலில் விழும். அரிசி மந்திரித்துக் கொடுப்பது, மை போட்டுப் பார்ப்பது என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதும் துன்புறுத்தல்தான்.

"சார், அவன்தான் எடுத்தான்" என்று ஒரு பிள்ளை வந்து சொல்லும். தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், "சரிப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிடுங்கள். பாராட்டவும் வேண்டாம், "கோள் சொல்லாதே" என்று விரட்டவும் வேண்டாம்.

எடுத்தது யார் என்று உறுதியாகவே தெரிந்துவிட்டால், வகுப்பாசிரியர் ஒருவர் மட்டும், பள்ளி விட்ட பிறகு, திறந்த இடத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசட்டும்:

"தம்பி, பேனா இல்லாம இருந்துச்சா?"
"...ஆமா டீச்சர்."
"இரவல் டப்பாவுல இருக்கே?"
"அதுல எடுத்தா பசங்க பாப்பாங்க."

இந்தக் கடைசிப் பதில் தங்கம். டப்பா எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது. மறுநாளே அதை வகுப்பறைக்குள் மாற்றி வையுங்கள். பிறகு பிள்ளையிடம் ஒரு கடன் சீட்டு எழுத வைத்து, அடுத்த முறை எண்ணுகிற நால்வரில் அதையும் சேருங்கள். உண்டியல் சாவியை அதன் கையில் கொடுங்கள். ஆபத்தான யோசனையாகத் தோன்றலாம். நம்பிக்கை இழந்த பிள்ளைக்கு அதை மீட்க ஒரு வழி வேண்டும், வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு உடனே ஆள் அனுப்பாதீர்கள். வீட்டில் விழுகிற அடிக்கு நாம் காரணமாகிவிடுவோம். வேறு பெரிய சிக்கல் இருப்பது தெரிந்தால் 14417 கல்வி உதவி எண்ணும் 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன.

தொடர்ந்து ஒரு வாரம் குறைந்தால், தண்டனையாகக் கடையை மூடாதீர்கள். 200 பேரில் இரண்டு பேர் செய்ததற்கு மற்றவர்கள் பேனா இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. இருப்பைப் பாதியாக்குங்கள், வகுப்பு வகுப்பாக "என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். விலைப் பலகை தெரியவில்லை, உண்டியல் வாய் சின்னது, கூட்டத்தில் தள்ளிவிடுகிறார்கள் என்று நாம் யோசிக்காத காரணங்கள் வரும்.

8. பரிசு வேண்டாம்

கண்டெடுத்த காசைக் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளைக்குக் கூட்டத்தில் பேனா பரிசளிக்கத் தொடங்கினால், அடுத்த வாரமே தன் சொந்த ஐந்து ரூபாயை "கீழ கிடந்துச்சு சார்" என்று கொண்டுவரும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். தனியாக ஒரு "நன்றிம்மா" போதும். பொருளைத் தொலைத்த பிள்ளையையே நன்றி சொல்ல வைத்தால் இன்னும் நல்லது.

9. நாள்காட்டி

ஜூன் கடைசியில் தீர்மானமும் கொள்முதலும். ஜூலை இரண்டாம் வாரம் 8-ஆம் வகுப்புக்கு மட்டும் ஒரு வாரம் சோதனை, பிறகு 7, பிறகு 6. காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் பேனா இரட்டிப்பாக விற்கும், முன்னதாகவே வாங்கி வையுங்கள். காலாண்டு, அரையாண்டு, பொங்கல் விடுமுறைகளுக்கு முந்தைய நாள் முழு இருப்பும் எண்ணி, உண்டியலைக் காலி செய்து, தொகையைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். விடுமுறையில் பள்ளிக்குள் பணம் இருக்கக் கூடாது.

அரையாண்டுக்குப் பிறகு, கடை ஓரளவு நிலைத்துவிட்டால், நம்பிக்கையை வகுப்பறைக்கும் நீட்டலாம். வாரம் ஒரு முறை சொல்வதை எழுதுதல் வைத்து, விடையைப் பலகையில் எழுதி, பிள்ளைகளையே திருத்தச் சொல்லுங்கள். அந்த மதிப்பெண்ணை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அது தேர்வாகிவிடும். தேர்வு என்றாலே பயம் வந்துவிடும்.

ஏப்ரலில் ஆண்டுக் கணக்கை மேலாண்மைக் குழுவிடம் வையுங்கள்: வாங்கியது, விற்றது, குறைந்தது, கடன் சீட்டில் நிற்பது, கையிருப்பு. வெயிலில் மை கசியும் என்பதால் மீந்த பேனாக்களை நிமிர்த்தி, நிழலான அலமாரியில் வைக்க வேண்டும். 8-ஆம் வகுப்பு முடித்துப் போகிறவர்களின் சீட்டு ஏதாவது கம்பியில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடாதீர்கள். அடுத்த ஜூனில் உயர்நிலைப் பள்ளிச் சீருடையில் வந்து அதைத் தேடிக் கிழித்துவிட்டுப் போவார்கள்.